இரண்டு எக்ஸ் கூட்டல் ஒன்று

தருவைமேட்டு உப்பளத்தில் பத்தொன்பது வருஷம் உப்பு வாரிய தங்கபுஷ்பம், தன் நாற்பத்தோராவது வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை பொழுது சாயும் நேரத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கிராஃப் நோட்டில் தன் முதல் கோட்டைப் போட்டு ஸ்கேலை எடுத்தபோது, அந்தக் கோடு நோட்டின் ஓரம்வரை வந்து, அங்கே நிற்காமல், சிமெண்டுத் தரையில் இறங்கி, வாசற்படியில் ஏறி இறங்கி, தெருவைக் கடந்து, எதிர்வரிசையில் இரண்டு வீடு தள்ளி இருந்த ஜெயக்கொடியின் அடுப்பங்கரைக்குள் புகுந்து, படுக்கிற அறை வழியாக வெளியே வந்து, உப்புப் பாத்திகளின் மேல் நடந்து, கடலுக்குப் போய்விட்டது. மறுமுனையும் சும்மா இருக்கவில்லை. அது பின்வாசல் வழியாகக் கிளம்பி, ரேஷன் கடைச் சுவரில் ஏறி இறங்கி, அந்தோணியார் கோயிலுக்கும் இசக்கியம்மன் கோயிலுக்கும் நடுவே யார் மனசும் நோகாதபடி புகுந்து, மேற்கே போயிற்று. மறுநாள் காலையில் நாற்பது மைல் தள்ளி இருக்கிற அவளுடைய சித்தப்பா போன் செய்து, தன் பருத்திக்காட்டில் பென்சில் கோடு ஒன்று நீளமாகக் கிடப்பதாகவும், விசாரித்ததில் அது அவளுடையது என்று சொல்வதாகவும் கூறி, நிஜம்தானா என்று கேட்டார். நிஜம்தான் என்றாள். "அப்பிடியா, சரி, மாப்பிள்ளைய கேட்டதாச் சொல்லு" என்று வைத்துவிட்டார்.

அவள் கோடு போட உட்கார்ந்ததற்குக் காரணம் கண். உப்பளத்து வெள்ளை சாதாரண வெள்ளை இல்லை. தலைக்கு மேல் ஒரு சூரியன் என்றால் காலுக்குக் கீழே பாத்திக்கு ஒரு சூரியன், எங்கே பார்த்தாலும் கண்ணைக் குத்தும், பத்தொன்பது வருஷம் குத்தினால் எந்தக் கண்தான் தாங்கும்? டவுன் கண்ணாஸ்பத்திரி டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, மருந்து எழுதுகிற சீட்டை எடுக்காமலே சொன்னார்: "இன்னும் ரெண்டு வருஷம் பாத்தியில நின்னீங்கன்னா, அப்புறம் பாத்தியே தெரியாதும்மா. நிழல்ல ஒரு வேலை பாத்துக்கிடுங்க."

தருவைமேட்டில் நிழலில் இருந்த வேலை ஒன்றே ஒன்றுதான். உப்பு லாரிகள் ஏறி இறங்கும் எடைமேடைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை, அதில் மின்விசிறி, ஜன்னல், எடையைப் பார்த்து எழுத ஒரு நாற்காலி. அந்த நாற்காலியில் இருந்த அம்மாள் அடுத்த ஆடியோடு வேலையை விட்டுவிட்டு மகள் வீட்டுக்குப் போகிறாள். அடுத்து உட்காருகிறவளுக்குப் பத்தாவது பாஸ் சர்டிபிகேட் வேண்டும் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். தங்கபுஷ்பம் பத்தாவது எழுதியவள்தான். நான்கு பாடத்தில் தேறி, கணக்கில் மட்டும் இருபத்தேழு வாங்கி, மறுபடி எழுதி இருபத்தாறு வாங்கி, அதற்கும் மறுபடி எழுதி இருபத்தெட்டு வாங்கி, கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆவதற்குள் கல்யாணம் ஆகி உப்பளத்துக்கு வந்தவள். இருபத்து நான்கு வருஷம் கழித்து அவள் மறுபடி கணக்குப் பரீட்சைக்குப் பணம் கட்டிவிட்டு வந்தபோது, லாரியில் மூட்டை ஏற்றுகிற அவள் புருஷன் சேர்மராஜ், பழைய பேப்பர் கடையில் அட்டை கிழிந்த ஒரு கணக்கு கைடை வாங்கி வந்து கொடுத்து, "ஏட்டி, கிராஃப் மட்டும் போட்டாலே எட்டு மார்க்குன்னு லாரி செட்டுல சொல்லுதாங்க, மொதல்ல அதப் போடு" என்றான்.

அவளும் அதை முதலில் போட்டாள். எக்ஸும் ஒய்யும் சேர்ந்தால் நான்கு என்பது கணக்கு. எக்ஸ் பூஜ்யமானால் ஒய் நான்கு, அது ஒரு புள்ளி. எக்ஸ் ஒன்றானால் ஒய் மூன்று வரவேண்டும். ஆனால் நான்கில் ஒன்றைக் கழிக்காமல் கூட்டி ஐந்து என்று வைத்துவிட்டாள். மூன்று புள்ளி வைத்தால் தப்பு இருந்தால் ஒன்று விலகி நின்று காட்டிக் கொடுக்கும் என்று கைடு சொல்லியிருந்தது. கோட்டுக்கு இரண்டு புள்ளி போதாதா என்ன என்று அவள் மூன்றாவதை வைக்கவில்லை. நேர்கோட்டுக்கு இருபுறமும் முடிவு கிடையாது, ஆகவே இரு முனையிலும் அம்புக்குறி இடுக என்றும் கைடு சொல்லியிருந்தது. அதை மட்டும் அவள் எழுத்துக்கு எழுத்து நம்பினாள். ஊரில் எல்லாப் பிள்ளைகளும் அம்புக்குறியை மார்க்குக்காகப் போட்டார்கள், இவள் ஒருத்திதான் நிஜமாகவே அது போய்க்கொண்டிருக்கும் என்று எண்ணிப் போட்டாள். பிறகு ஊரில் பலபேர் இதைத்தான் காரணம் என்றார்கள், வேறு காரணம் சொன்னவர்களும் உண்டு, யாரும் அதைப் பற்றி ரொம்ப நேரம் பேசவில்லை.

கழித்திருந்தால் கீழே இறங்கி உடைமரக் காட்டுக்குள் போயிருக்க வேண்டிய கோடு, கூட்டியதால் மேலே ஏறி ஜெயக்கொடி வீட்டுக்குள் போய்விட்டது. ஜெயக்கொடி அன்றைக்கே வந்து நின்றாள்.

"எக்கா, ஒங்க கோடு எங்க வீட்டுக்குள்ள கெடக்கு."

"எந்தப் பக்கமாட்டு போவுது?"

"அடுப்புக்கும் அம்மிக்கும் நடுவ வந்து, கட்டில் மேல ஏறி, எங்க மாமியா போட்டோவுல நெத்தி வழியா போவுது. அவுக இருக்கும்போது யாரும் அவுகள ஒரு வார்த்த சொன்னதில்ல. இப்ப நெத்தியில கோடு போட்டுட்டியளே."

தங்கபுஷ்பத்துக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இருவருமாக உட்கார்ந்து சோப்புப் போட்டுத் தேய்த்தார்கள், பினாயில் ஊற்றித் தேய்த்தார்கள், தேங்காய் நாரை வைத்துத் தேய்த்தார்கள், ஜெயக்கொடி வீட்டுத் தரை அது கட்டிய நாளிலிருந்து காணாத சுத்தம் கண்டது, கோடு மட்டும் போகவில்லை. பாய் விரித்தால் பாய்க்கு அடியில் மறைந்திருந்தது, பாயை எடுத்தால் அதே இடத்தில் கிடந்தது. வரும்போது எதன்மேல் ஏறி வந்ததோ அதன்மேல்தான் அது இருக்கும், பிறகு மேலே வைத்த எதன்மேலும் ஏறாது, அந்த மட்டுக்கும் மரியாதை தெரிந்த கோடு. ஜெயக்கொடியும் அவள் புருஷனும் சண்டை போட்ட ஒரு வாரத்தில் கட்டில் மேல் இருந்த கோட்டையே எல்லையாக வைத்து, முதலில் தாண்டுகிறவர் தோற்றவர் என்று பந்தயம் கட்டினார்கள். மூன்றாம் நாளே இரண்டு பேரும் தோற்றுப்போனதாகத் தெருவில் பேச்சு.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ஒரு வாரம் பேசினார்கள். கிராம நிர்வாக அலுவலர் வந்து ஆக்கிரமிப்பா என்று அளந்து பார்த்தார். நீளம் என்ற கட்டத்தில் முடிவில்லை என்றும், அகலம் என்ற கட்டத்தில் இல்லை என்றும், பரப்பளவு என்ற கட்டத்தில் பூஜ்யம் என்றும் எழுதி, பூஜ்யப் பரப்பளவுக்கு நோட்டீஸ் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை என்று ஒரு டீயைக் குடித்துவிட்டுப் போனார். பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் ஆளுக்கொரு கோடு போட்டுப் பார்த்தார்கள், எல்லாம் தாள் ஓரத்தில் நின்றன. ஆட மாட்டாதவள் கூடம் கோணல் என்ற கதையாக அவர்கள் பென்சிலைக் குறை சொன்னார்கள்.

உப்பளத்துப் பெண்கள்தான் அந்தக் கோட்டின் அருமையை முதலில் கண்டுபிடித்தார்கள். உச்சி வெயிலில், நாலா பக்கமும் வெள்ளையாக எரிகிறபோது, பாத்தி எது வரப்பு எது என்று தெரியாமல் கண் சுருங்கி நிற்கிறபோது, காலடியில் அந்தப் பென்சில் கோடு மட்டும் சாம்பல் நிறத்தில் அமைதியாகக் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றால் கண்ணுக்கு இதமாக இருந்தது. தலையில் உப்புச் சட்டியோடு அதன்மேல் நடந்தால் வழி தப்பவில்லை. வாரிக் களைத்தவர்கள் வந்து அதன் ஓரமாக நின்று இரண்டு நிமிஷம் அதையே பார்த்துவிட்டுப் போனார்கள். தூரத்துப் பாத்திகளில் நின்றவர்களுக்குப் பொறாமை வந்துவிட்டது. "தங்கபுஷ்பக்கா, எங்க பக்கமும் ஒண்ணு போடுங்களேன், ஒங்களுக்கும் படிச்ச மாதிரி இருக்கும்" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

அப்படித்தான் அவள் பயிற்சிக் கணக்குகள் எல்லாம் ஊரில் இறங்கின. ஒவ்வொரு சாயங்காலமும் ஒரு சமன்பாடு, ஒவ்வொரு சமன்பாட்டுக்கும் ஒரு கோடு. நோட்டை எந்தப் பக்கம் திருப்பி வைத்தால் கோடு எந்தப் பக்கம் போகும் என்று பழகிக்கொண்டாள். ஜெயக்கொடியின் மாமியாருக்குத் தான் செய்த அவமரியாதைக்குப் பிறகு மூன்று புள்ளிக்குக் குறைந்து அவள் கோடு போட்டதே இல்லை. ஒருநாள் அம்புக்குறி போடாமல் விட்டுப் பார்த்தாள், கோடு அதற்குள் வழி பழகியிருந்தது, ஸ்கேலை எடுத்ததும் ஓடிவிட்டது. சாய்வு அதிகமான கோடுகள் வடக்கே கீழப் பாத்திகளுக்குப் போயின, சாய்வு குறைந்தவை உப்பு அம்பாரங்களின் மேல் ஏறி இறங்கின, ஒன்று தண்ணீர் மேலேயே படுத்துக்கொண்டு கடலுக்குள் போயிற்று. மூடுபனி நாளில் வள்ளக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டு கரைக்கு வந்தார்கள். கிறிஸ்துமஸ் வருவதற்குள் தருவைமேட்டில் கிழக்கு மேற்கு என்ற பேச்சே குறைந்துபோய், டீக்கடையில் வழி கேட்கிற வெளியூர்க்காரனிடம், "நேரா மூணு எக்ஸ் கழித்தல் ரெண்டுல போங்க, எக்ஸ் கூட்டல் ஒய் குறுக்க வரும், அதுல எடதுகைப் பக்கம் திரும்புனா மாதா கெபி" என்று, பள்ளிக்கூடப் பக்கமே ஒதுங்காதவர்கள் சொன்னார்கள். வெளியூர்க்காரன் முழித்தால், என்ன படிச்ச மனுசனோ என்று தலையில் அடித்துக்கொண்டார்கள்.

பழகப் பழகப் பாலும் புளிக்கும். பொங்கலுக்குப் பிறகு யாரும் கோடுகளைக் குனிந்து பார்க்கவில்லை, கோழிகள் அவற்றின் மேல் கொத்தின, வண்டிகள் அவற்றின் மேல் போயின, ஊர் தன் ஜோலியைப் பார்த்தது.

தங்கபுஷ்பத்துக்கு மட்டும் பயம் ஏறிக்கொண்டே வந்தது. வலது கண்ணில் ஓரமாக ஒரு புகை வந்து நின்றுகொண்டது. பழைய கேள்வித்தாள்களை எடுத்து வைத்து எழுதிப் பார்ப்பாள், சேர்மராஜ் கைடைப் பார்த்துத் திருத்துவான். கிராஃபுக்கு எட்டுக்கு எட்டு. மற்றதெல்லாம் சேர்த்து ஒருநாள் இருபத்தெட்டு, ஒருநாள் இருபத்தொன்பது, நல்ல நாளாக இருந்தால் முப்பது. முப்பதைத் தாண்ட மாட்டேன் என்று அவள் மூளை சத்தியம் செய்து வைத்திருந்தது. தேற முப்பத்தைந்து வேண்டும். கிராஃப் இருந்தால் தேறினாள், இல்லாவிட்டால் பாத்தி. இதைவிடச் சுலபமான கணக்கு அந்தக் கைடில் எங்கேயும் இல்லை.

பரீட்சை டவுனில் ஒரு மேல்நிலைப் பள்ளியில். அவளையும் சேர்த்துத் தனியாக எழுதுகிறவர்கள் இருபத்திரண்டு பேர், எல்லாரும் ஒரு முறையோ ஒன்பது முறையோ கணக்கில் தோற்றவர்கள், எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஒரு நீளமான ஹால். மையக் கண்காணிப்பாளர் எபனேசர் சார் வாசலிலேயே அவளுக்காகக் காத்திருந்தார். நல்ல மனிதர், அதனால்தான் முகம் வாடியிருந்தது.

"நீங்கதான் தங்கபுஷ்பமா? அம்மா, நான் ஒங்களுக்கு எதிரி இல்ல, அத மொதல்ல மனசுல வச்சுக்கிடுங்க. நீங்க கோடு போட்டா அது எங்க போகும்?"

"ரெண்டு பக்கமும் போகும் சார்."

"மத்த பிள்ளைக விடைத்தாள் மேலயும் போகுமில்லா? ஒரு விடைத்தாள்ல அன்னியமா ஒரு கோடு கெடந்தா அதுக்குப் பேரு அடையாளக் குறி. அந்தத் தாளத் திருத்தவே மாட்டாவ, செல்லாதுன்னு தூக்கிப் போட்டுருவாவ. தனி ரூம் குடுக்கலாமான்னு மேலிடத்துக்கு எழுதிக் கேட்டேன், பதிலே வரல. வந்தாலும் ஒங்க கோடு செவுத்துக்கு நிக்கிற கோடு இல்ல." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுதக் கூடாதுன்னு சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல. கிராஃப மட்டும் விட்டுருங்கன்னு கேட்டுக்கிடுதேன்."

இந்த எட்டு மார்க்கு எனக்குக் கண் சார் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் ஹாலுக்குள் போய்க்கொண்டிருந்தவர்களைப் பார்த்துவிட்டாள். கைக்குழந்தையை வாசலில் அம்மாவிடம் கொடுத்துவிட்டுத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போன ஒரு பெண், காக்கிச் சட்டையோடு வந்த ஒரு ஷேர் ஆட்டோக்காரன், மீன் கம்பெனித் தொப்பியைக் கழற்ற மறந்த ஒரு பையன். தன் கோடு இவர்கள் தாளில் ஏறிப் போவதை நினைத்துப் பார்த்தாள். ஒரு மாமியார் போட்டோவின் நெற்றியில் ஏறியதற்கே அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

"விட்டுருதேன் சார்" என்றாள்.

மற்ற கேள்விகளை எல்லாம் எழுதினாள். தெரிந்ததை எழுதினாள், தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதினாள். இன்னும் ஒரு மணி நேரம் மீதி இருக்கும்போது அவளுக்கு எழுத ஒன்றும் இல்லை. கிராஃப் கேள்வி அங்கேயே இருந்தது. ஒய் சமம் இரண்டு எக்ஸ் கூட்டல் ஒன்று. நான்கு எக்ஸ் கழித்தல் இரண்டு ஒய் சமம் ஆறு. இரண்டு கோட்டையும் வரைந்து, அவை வெட்டும் புள்ளியைக் கொண்டு தீர்வு காண்க. தூங்கிக்கொண்டே போடுவாள் அதை. விடைத்தாளோடு தைத்துக் கொடுத்திருந்த கிராஃப் தாளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, பென்சிலை டப்பாவுக்குள் வைத்து மூடி, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

பக்கத்து மேசையில் இருந்த ஷேர் ஆட்டோக்காரன் இசக்கிப்பாண்டி இதை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டான். அவனுக்கு இது ஏழாவது தடவை. வாசலில் நடந்த பேச்சும் அவன் காதில் விழுந்திருந்தது. அவன் எழுந்து நின்றான்.

"சார், ஒரு சந்தேகம். கேள்வியில இல்ல, ரூல்ஸ்ல."

"என்ன?"

"விடைத்தாளைக் கையில தூக்கிப் புடிக்கக் கூடாதுன்னு எதும் ரூல் இருக்கா?"

எபனேசர் சார் யோசித்தார். முப்பது வருஷமாகப் பரீட்சை நடத்துகிறவர், எல்லா விதியும் தலைகீழாகத் தெரியும், தலைகீழாகத் தேடியும் அதற்குள் அப்படி ஒரு விதி அகப்படவில்லை. "பக்கத்துல இருக்கவன் பாக்காம தூக்கினா தப்பில்ல" என்றார்.

"அப்ப இந்த அக்கா கோடு போடுற நேரம் நாங்க எல்லாரும் தாளத் தூக்கிக்கிடுதோம் சார். கோடு மேசை மேல போயிட்டுப் போகட்டும். போனப்புறம் தாளக் கீழ வச்சா ஒட்டாதுன்னு தருவைமேட்டு ஆளுக சொல்லுதாவ." அவன் ஹாலைச் சுற்றிப் பார்த்துக் கேட்டான், "என்ன மக்கா, ரெண்டு நிமிசம் கை வலிச்சாச் செத்தா போயிருவோம்?"

கைக்குழந்தைக்காரி முதலில் தன் தாளை எடுத்தாள். மீன் கம்பெனிப் பையன் எடுத்தான். முன்வரிசையில், ஒருவரை ஒருவர் அதுவரை தெரியாத இரண்டு நரைத்த தலைகள் எடுத்தன. தேர் வருகிறபோது பிள்ளையைத் தோளுக்குமேல் தூக்குவதுபோல, தோற்றவர்கள் இருபத்தொரு பேரும் தங்கள் விடைத்தாளைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எழுதிய பக்கம் தங்கள் பக்கமாகப் பார்க்கும்படி வைத்துக்கொண்டு, ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். எபனேசர் சார் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அவருடைய கையில் இருந்த மீதி விடைத்தாள் கட்டும் தலைக்குமேல்தான் இருந்தது.

தங்கபுஷ்பம் பென்சிலை எடுத்தாள். பூஜ்யத்துக்கு ஒன்று, ஒன்றுக்கு மூன்று, இரண்டுக்கு ஐந்து. மூன்று புள்ளியும் ஒரே வரிசையில் நின்றன. ஸ்கேலை வைத்து இழுத்தாள், எடுத்தாள். கோடு தாளைவிட்டு இறங்கி, இசக்கிப்பாண்டியின் மேசைமேல் ஏறி, அடுத்த மேசை, அதற்கடுத்த மேசை, தரை, சுவர், வெளியே மைதானம் என்று போயிற்று. மறுமுனை கைக்குழந்தைக்காரியின் மேசை வழியாகக் கரும்பலகையில் ஏறிப் போயிற்று. இரண்டாவது கோட்டுக்கு மூன்று புள்ளி வைத்தாள். பூஜ்யத்துக்குக் கழித்தல் மூன்று, ஒன்றுக்குக் கழித்தல் ஒன்று, இரண்டுக்கு ஒன்று. இழுத்தாள், எடுத்தாள். அதுவும் போயிற்று. கைகள் மெல்ல இறங்கின.

வெட்டும் புள்ளியைத் தேடினாள். இல்லை.

தாளுக்குள் எங்கும் இல்லை. ஒரு கோடு போன பக்கமே இன்னொன்றும் இரண்டு விரல் அகலம் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. இத்தனை பேர் கைவலிக்கத் தூக்கிப் பிடித்தும் தப்பாகவா போட்டுவிட்டேன்? மறுபடி கூட்டினாள், கழித்தாள், கழிக்க வேண்டிய இடத்தில் கழித்துத்தான் இருந்தாள். ஆறு புள்ளியும் சொன்ன இடத்தில்தான் இருந்தன. ஒரு புள்ளியை ஒரே ஒரு கட்டம் நகர்த்தினால் போதும், இரண்டும் எங்காவது வெட்டிவிடும், எக்ஸ் இத்தனை ஒய் இத்தனை என்று அழகாக ஒரு விடை எழுதிவிடலாம், கேள்வியே வெட்டும் புள்ளி என்றுதானே கேட்கிறது. பென்சிலை அந்தப் புள்ளிவரை கொண்டுபோனாள். பிறகு தலையைத் தூக்கித் தன் கோடுகளைப் பார்த்தாள். மேசைகள் மேலும், தரையிலும், சுவரிலும், கதவு வழியே தெரிந்த மைதானத்திலும், வேப்பமரத்துக்கு அந்தப்பக்கம் வெயிலிலும், எவ்வளவு தூரம் கண் போயிற்றோ அவ்வளவு தூரம் அதே இரண்டு விரல் அகலத்தில் அவை போய்க்கொண்டிருந்தன. இதுகள் எந்த ஊரிலும் சேராது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

என்ன எழுதவேண்டும் என்பதும் தெரிந்தது. எழுதத்தான் கை வரவில்லை. அந்த இரண்டு வார்த்தையை அவள் வாழ்க்கையில் யார் யாரோ அவள் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறார்கள், ஒருமுறைகூட அதனால் அவளுக்கு நல்லது நடந்ததில்லை. அதை எழுதினால் யாராவது மார்க் போடுவார்களா? ஆனால் கணக்கு அப்படித்தான் இருந்தது. அவள் எழுதினாள்: இணைகோடுகள். தீர்வு இல்லை.

எழுதி முடித்து நிமிர்ந்தபோது ஹாலில் ஒரு சத்தம் கேட்டது. முதலில் மழை என்று நினைத்தாள். அது ரப்பர் தேய்க்கிற சத்தம். இசக்கிப்பாண்டி அழித்துக்கொண்டிருந்தான், கைக்குழந்தைக்காரி அழித்துக்கொண்டிருந்தாள், முன்வரிசை நரைத்த தலைகள் அழித்துக்கொண்டிருந்தன. கோணலும் மாணலுமாகக் கோடு போட்டு, எப்படியோ வெட்டவைத்து, எதையோ விடை என்று எழுதியிருந்த எல்லாரும் அழித்துக்கொண்டிருந்தார்கள். கேள்வி எல்லாருக்கும் ஒன்றுதான். கோடு போன மேசைக்காரர்களுக்கு அது மேசைமேல் கிடந்தது, மற்றவர்களுக்குக் காலடியில் கிடந்தது, சேராமல் போகிற இரண்டு கோட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. அவர்கள் மறுபடி புள்ளி வைத்தார்கள், இந்தத் தடவை நிதானமாக, சரியாக.

எபனேசர் சார் திரும்பிப் பார்த்தார். யாராவது அடுத்தவர் தாளைப் பார்க்கிறார்களா என்று வரிசை வரிசையாகப் பார்த்தார். ஒருவரும் பார்க்கவில்லை. அவரவர் அவரவர் மேசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், குனிந்த தலை நிமிராமல், விதியில் எழுதியிருக்கிற மாதிரியே. அவர் நாற்காலியில் உட்கார்ந்து, இன்னும் நாற்பது நிமிஷம் இருக்கிறது, அவசரப்படாமல் எழுதுங்கள் என்று சொன்னார்.

ரிசல்ட் வந்த அன்று தங்கபுஷ்பம் பாத்தியில் நின்றாள். பத்து மணிக்கே வெயில் ஏறிவிட்டது. இசக்கிப்பாண்டி ஆட்டோவை வரப்புவரை கொண்டுவந்து நிறுத்திவிட்டு, போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான். "எக்கா! நம்ம ஹால் மொத்தமும்! இருபத்திரண்டு பேரும்!" என்று கத்திக்கொண்டே வந்து, மூச்சு வாங்கி, "ஒங்களுக்கு முப்பத்தேழு" என்றான்.

அவள் வாருபலகையைக் கீழே வைத்தாள். கையைப் புடவையில் துடைத்துவிட்டுப் போனை வாங்கினாள். அந்த வெளிச்சத்தில் திரையில் ஒன்றும் தெரியவில்லை, திருப்பிப் பார்த்தாள், சாய்த்துப் பார்த்தாள், ஒன்றும் தெரியவில்லை. "சத்தமா வாசி" என்று அவனிடமே திருப்பிக் கொடுத்தாள்.

அவன் வாசித்தான். பெயர் வாசித்தான், பதிவெண் வாசித்தான், கணிதம் முப்பத்தேழு என்று வாசித்தான், தேர்ச்சி என்று வாசித்தான். "இன்னொருக்க" என்றாள். மறுபடி வாசித்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பக்கத்துப் பாத்திப் பெண்கள் எல்லாம் சட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்து சுற்றி நின்றுகொண்டார்கள், வெயில் அவள் முகத்தில் படாமல் அவர்கள் நிழல் விழுந்தது, அந்த நிழலில் நின்று தங்கபுஷ்பம் வாய்விட்டு அழுதாள்.